மாசு தரும் உறுதி

நகை செய்யும் ஆசாரியைக் கேட்டால், சொக்கத் தங்கம் வளையலுக்கு ஆகாது, சிறிது செம்பு சேர்ந்தால்தான் உருக் குலையாமல் நிற்கும் என்பார். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் எத்தனை சதவீதத் திறன் என்ற ஒரே கணக்கில் லயித்துப்போன நாம் அந்தக் கதையைச் செவிமடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

2009-ல் ஜப்பானிய விஞ்ஞானி மியாசாகாவின் குழுவினர் இப்படிகத்தைக் கொண்டு மின்கலம் செய்தபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு 3.8 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று பரிசோதனைச்சாலைகளில் அது 26-ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கனைப்போல் 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டிய அவசியமும் இதற்கு இல்லை. உப்புக் கரைசலைக் கண்ணாடியில் பூசி இளஞ்சூட்டில் உலர்த்தினால் போதும். இவ்வளவு எளிய பொருள் நம் கூரைகளுக்கு இன்னும் வந்து சேராததற்குக் காரணம் திறன்குறைவன்று, ஆயுட்குறைவே.

ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு என்ற வகையில் செய்த படலம், அடுப்பிலிருந்து எடுக்கும்போது மைபோல் கறுத்திருக்கும். ஈரக் காற்றில் வைத்தால் மஞ்சள் பூத்து, மின்கலத்துக்கு உதவாத வேறொரு பொருளாக மாறிவிடும். ஈயமும் அயோடினும் கட்டிய கூட்டுக்குள் குடியிருக்கும் அயனி, அக்கூட்டுக்குச் சற்றே பெரிதாயிருப்பதுதான் மூலகாரணம். 2016-ல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள் சிறிய சீசியத்தையும், பின்னர் ருபீடியத்தையும் அற்ப அளவில் சேர்த்தபோது கறுப்பு நிலைத்தது. 85 டிகிரி உஷ்ணத்தில் ஒளியைத் தாங்கி 500 மணி நேரம் உழைத்த பின்னும் அக்கலம் தன் திறனில் 95 சதவீதத்தைக் காத்துக்கொண்டது. இந்த வித்தையை நம் பாடநூல்கள் மாசூட்டல் என்கின்றன; மாசு என்று நாம் இகழும் சொல், இங்கே உயிர் காக்கும் பொருளைக் குறிக்கிறது.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது 2019-ல் பீகிங் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி. உழைக்கும் படிகத்தில் ஈய அயனிகளிற் சில எலெக்ட்ரானைப் பெற்று வெறும் ஈயமாகவும், அயோடைடுகளிற் சில எலெக்ட்ரானை இழந்து வெறும் அயோடினாகவும் சிதைகின்றன. அவர்கள் சேர்த்த யூரோப்பியம் அயனி, ஈயத்தினிடமிருந்து மிகையான எலெக்ட்ரானை வாங்கி, அதனை அயோடினிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டையும் பழைய நிலைக்கு மீட்டபின், தான் சிறிதும் தேயாமல் மறுபடியும் அதே பணிக்குத் திரும்புகிறது. இடைவிடாத ஒளியில் 1,500 மணி நேரம் கழிந்தும் 92 சதவீதத் திறன் மிஞ்சிற்று.

மகத்தான காரியம்தான். ஆயினும் 1,500 மணி என்பது இரண்டு மாதங்களுக்குச் சற்றே அதிகம்; சிலிக்கன் தகடு விற்பவர்களோ 25 ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருகிறார்கள். படிகத்துக்குள் இருப்பது விஷத்தன்மையுள்ள ஈயமாதலால், கலம் சிதைந்து மழை நீரில் கரைந்தால் பாதகம் மண்ணுக்கும் உண்டு. ஆகவே திறனை இன்னும் அரை சதவீதம் உயர்த்துவதற்குச் செலவிடும் பொருளையும் புகழையும், எந்த அயனி எவ்வளவு சேர்ந்தால் படிகம் நெடுங்காலம் நிலைக்கும் என்று பொறுமையோடு ஆராய்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். வாசகர்களும், சூரிய மின்கலத்தில் புதிய சாதனை என்ற செய்தியைக் காணும்போதெல்லாம், எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன், எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்கும்படி வேண்டுகிறேன்.