ஓடோமீட்டர் 20,000 காட்டுது... ஆனா பைக்குக்கு உண்மையில் வயசு என்ன? பெங்களூரு ஸ்போர்ட்ஸ் பைக் கணக்கு

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2017 டிசம்பர் 6-ம் தேதி 2.05 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. அப்போது முதல் வேலை, முதல் இஎம்ஐ என்று அதை வாங்கியவர்களில் பலர் இப்போது காருக்கு மாறிவிட்டார்கள். பைக் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கவர் போட்டு நிற்கிறது. இன்னொரு பக்கம், புது வண்டிக்கு பட்ஜெட் இல்லாமல் அதே பைக்கை செகண்ட் ஹேண்டில் தேடும் கூட்டம். வைத்திருப்பவர், வாங்க நினைப்பவர் இருவருக்கும் ஒரே கேள்விதான்: இது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

எல்லோரும் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரை. பெங்களூருவில் அதை நம்பினால் கணக்கு தப்பிவிடும்.

டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டு டிராஃபிக் அறிக்கைப்படி, பெங்களூருவில் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆகிறது. அதாவது மணிக்கு சுமார் 17.6 கி.மீ. பைக் சந்து பொந்தில் புகுந்து போகும், சரி, 25 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். 20,000 கி.மீ. ஓடிய வண்டியின் இன்ஜின் 800 மணி நேரம் ஓடியிருக்கும். அதே 20,000 கி.மீ. சேலம், கிருஷ்ணகிரி என்று ஹைவேயில் 60 கி.மீ. சராசரியில் ஓடியிருந்தால் 333 மணி நேரம்தான். மீட்டரில் ஒரே எண், ஆனால் இன்ஜின் உழைத்த நேரம் இரண்டு மடங்குக்கும் மேல். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது ஓடோமீட்டர் நகராது. இன்ஜின் ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும்.

இந்த பைக்கில் வெப்பம் கூடுதல் விஷயம். 2013-ல் பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் செய்த ஒப்பந்தத்தில் பிறந்த 312.2 சிசி இன்ஜின் இது. சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னால் நுழைந்து, எக்ஸாஸ்ட் பின்னால் வெளியேறும். மேலே முழு ஃபேரிங் வேறு. வேகமாகப் போனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். ஊர்ந்து போனால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஆகவே கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன், கிளட்ச் மூன்றும் நகர வண்டியில் சீக்கிரம் களைக்கும். ஆயில் மாற்ற கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது இந்த ஊருக்கு நியாயமான செலவு.

ஆரம்பகால வண்டிகளில் அதிர்வு குறித்து அதிகம் பேசப்பட்டது உண்மை. 2019-ல் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. 2020 பிஎஸ்6 மாடலில் ரைட்-பை-வயரும் நான்கு ரைடு மோடுகளும் வந்தன. இதில் ரெயின், அர்பன் மோடுகளில் சக்தி 25.8 பிஎஸ் மட்டுமே. எனவே செகண்ட் ஹேண்டில் 2018 வண்டியும் 2020 வண்டியும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே வண்டி அல்ல. என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது பிஎஸ்6 பக்கம் போகலாம்.

சரி, ஓட்டாமலே வைத்திருந்தால் வண்டி புதுசாகவே இருக்குமா? அதுவும் இல்லை. இங்கேதான் இ20 பெட்ரோல் வருகிறது.

பங்கில் இப்போது கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற பொருட்களுடன் வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். 2018 ஆர்ஆர் 310 அதற்கு ஐந்து வருஷம் முந்தையது. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் தந்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பழைய பெட்ரோலே வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு மழைக்காலத்தில் ஒரு மாசம் நின்ற வண்டியில் ஃப்யூல் பம்ப், இன்ஜெக்டர் தொல்லை வர வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை நந்தி ஹில்ஸுக்கு மட்டும் எடுக்கும் பழக்கம் இருந்தால், நிறுத்துவதற்கு முன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். நடுவில் ஒருநாள் 15 நிமிஷமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது கணக்கில் வராது.

ஸ்பேர் பார்ட்ஸ்? இதே 312 சிசி குடும்பம்தான் ஆர்டிஆர் 310-லும், 2022-ல் வந்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆரிலும் இருக்கிறது. இன்ஜின் பாகங்களுக்கு இது தெம்பு. ஆனால் 2025 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் சுமார் 299 சிசி புது இன்ஜினில் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் பார்வை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று புரியும். உண்மையான கவலை ஃபேரிங், ஹெட்லைட் மாதிரி ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும் பாகங்கள்தான். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே செலவு அங்கேதான்.

தமிழர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு, பேப்பர். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான். ஆனால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரி மாறிவிடும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு ஆயுட்கால வரி தமிழ்நாட்டில் 12%, கர்நாடகாவில் 18%. இரண்டரை லட்சம் ரூபாய் வண்டிக்கு, செஸ் சேர்க்காமலே 15,000 ரூபாய் வித்தியாசம். அதனால்தான் பலர் ஊரில் பதிவு செய்து இங்கே ஓட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். 30 நாளிலேயே வரி கட்டச் சொன்ன கர்நாடகாவின் 2014 திருத்தத்தை உயர் நீதிமன்றம் 2016-ல் ரத்து செய்தது. ஆனால் 12 மாத விதி அப்படியேதான் இருக்கிறது. டிஎன் நம்பர் பைக்கை பெங்களூருவில் விற்கும்போது என்ஓசி, மறுபதிவு, வரி என்று வாங்குபவர் விலையை அடித்துக் குறைப்பார். வாங்குபவர் நீங்கள் என்றால், அந்தச் செலவை முதலிலேயே கழித்துப் பேசுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18% ஆகிவிட்டது. அதற்கு மேல் 40%. புது ஆர்ஆர் 310 இந்தக் கோட்டுக்குக் கீழே வருகிறது. ஆகவே வரி குறைவதற்கு முந்தைய புது வண்டி விலையை வைத்துப் பழைய வண்டிக்கு ரேட் சொல்பவரிடம் தாராளமாக பேரம் பேசலாம்.

வண்டி பார்க்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள். 2219 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 22-வது வாரம். "ஓட்டவே இல்ல ப்ரோ" என்று சொல்லும் வண்டியில் அந்த டயர் காய்ந்து கிடக்கும். ஃபோர்க் ஆயில் சீல் கசிகிறதா, கூலன்ட் நிறம் மாறியிருக்கிறதா, செயின் ஸ்ப்ராக்கெட் பல் கூர்மையாகிவிட்டதா என்றும் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.