ஊசியும் சீவாளியும்
ஸ்கூடாயில் நண்பர் வீட்டுப் பழைய பியானோ கொஞ்ச நாளாகத் தகரம்போல் ஒலித்தது. ஜொகூரின் ஈரக்காற்றில் கட்டைகளும் மந்தமாகவே எழுந்தன. வந்த ட்யூனர் சுருதி சேர்ப்பதோடு நிற்கவில்லை. உள்ளிருக்கும் பொறியை வெளியே எடுத்து, அச்சுகளைச் சுற்றி ஊதிப்போயிருந்த துணியைத் தளர்த்தினார். பிறகு 88 சுத்தியல்களின் தலையிலும் ஊசி குத்த ஆரம்பித்தார். 1826-இல் பாரிஸில் ஹென்றி பாப் தோலுக்குப் பதிலாகப் புகுத்திய ஃபெல்ட், கம்பியில் மோதி மோதி இறுகிவிடும்; குத்தினால் இளகும், ஒலியும் கனியும். எனக்கு நாதஸ்வரத்தில் தொங்கும் ஊசியும் உதிரிச் சீவாளிகளும் ஞாபகம் வந்தன. வித்வான் அந்த ஊசியால் சீவாளியைக் கச்சேரி நடுவிலேயே சரிசெய்துகொள்கிறார்; அதே மாதிரி வேலைக்கு இவருக்கு அரை நாள் ஆயிற்று, அவ்வளவுதான். பழைய பியானோவை விற்க நினைப்பவர்கள் முதலில் ஊசியோடு வரும் ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.