படக்கதை என்றால் பரிகாசமா?

“படக்கதையா? பிள்ளைகள் சமாச்சாரம்!” — உதட்டைப் பிதுக்குகிறார்கள் மேதாவிகள் சிலர்.

தோழர்களே! திருமானூர்த் தேநீர்க் கடையிலே காலை வேளையில் உட்கார்ந்து பார்த்ததுண்டா அவர்கள்? 1960இல் தினத்தந்தி தொடங்கிய ‘கன்னித்தீவு’தானே, எழுத்துக் கூட்டிப் படிக்கும் உழைப்பாளியை நாளேட்டின் பக்கம் இழுத்தது!

1972இல் சிவகாசியிலே பிறந்தது ‘முத்து காமிக்ஸ்’. நிறுவியவர் சௌந்திரபாண்டியன், முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும்! அந்தக் கையைக் காணக் காசு சேர்த்த சிறுவர்கள் இன்று பேரன் எடுத்துவிட்டார்கள். மாயாவி பிரிட்டன்காரன் ஆயிற்றே, தமிழன் ஒருவன் கிடைக்கவில்லையா என்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவன் பேசியது தமிழ். படித்தவன் கற்றதும் தமிழ். 1984இல் மகன் விஜயன், பதினேழு வயதிலே, ‘லயன் காமிக்ஸ்’ கண்டார். வாசகர் சந்தாவை நம்பியே ஓடுகிறது அந்த முயற்சி.

விலையோ ஏறிவிட்டது. கூலிக்காரன் மகன் எங்கே போவான்? நூலகத்துக்குத்தான்! பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே! வரி நம்முடையது, அலமாரி மட்டும் மேதாவிகளுடையதா? ஊர் நூலகரிடம் மனுக் கொடுங்கள், முத்துவும் லயனும் வேண்டுமென்று. கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுங்கள்!