இருட்டைத் துணைக்கு அழைத்தவள்

திகில் படம் பார்க்கும்போது நாங்கள் கதிரையின் நுனிக்கு வருவது எதனால்? இரத்தத்தைக் கண்டா, சத்தத்தைக் கேட்டா? திரையில் நிற்பவளுக்காகப் பயப்படுவதால்தான் என்பேன்.

1967இல் வெளிவந்த ‘வெயிட் அன்டில் டார்க்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பாருங்கள். பிரெட்ரிக் நொட்டின் மேடை நாடகத்தைத் தழுவி ரெரன்ஸ் யங் இயக்கியது. ஓட்ரி ஹெப்பேர்ன் நடித்த சூசிக்கு விபத்தொன்றில் கண்பார்வை போய்விட்டது. ஹெரோயின் மறைத்து வைக்கப்பட்ட பொம்மை ஒன்றைத் தேடி மூன்று ஆண்கள் அவளது வீட்டுக்குள் வருகிறார்கள். கணவன் வீட்டில் இல்லை. வந்தவர்கள் அறைக்குள் அசையாமல் நிற்பதை நாங்கள் காண்கிறோம். அவள் காணவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாததால் மனம் பதறுகிறது.

மகளிர் குழுக்களில் படங்களைப் பற்றிக் கதைக்கும்போது “பாவம்” என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறேன். ஆனால் பாவம் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருக்க முடியாது. “இனி இவள் என்ன செய்வாள்?” என்ற கேள்விதான் எங்களை எழும்ப விடுவதில்லை.

சூசி காலடிச் சத்தத்தைக் கவனிக்கிறாள். ஆட்களின் பொய்யைப் பிடிக்கிறாள். கடைசியில் வீட்டிலுள்ள மின்குமிழ்களை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். இருட்டு அவளுக்குப் பழகியது, வந்தவனுக்குப் புதிது. அவளது குறையே அவளது பலமாகிறது. ஆனால் அவள் ஒரு வெளிச்சத்தை மறந்துவிட்டாள். கொலைகாரன் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்கிறான். அதன் சிறு விளக்கு எரிகிறது. அவளது கெட்டித்தனத்தைக் கண்ட பிறகு வரும் அந்த ஆபத்துத்தான் எங்களை உலுக்குகிறது.

சகோதரிகளே, உதவிக்கான படிவங்களில் நாங்கள் இழந்தவற்றைக் கேட்க எத்தனையோ கட்டங்கள் உண்டு. எங்களால் இயன்றதைக் கேட்கும் கட்டத்தைத் தேடவேண்டியிருக்கிறது. இழப்பை எழுதத்தான் வேண்டும். அது எங்கள் உரிமை. ஆனால் கதை அந்த இடத்தில் முடிவதில்லை. தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண் ஒருத்தி உங்கள் அயலில் இருந்தால், “பாவம்” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். “இனி என்ன செய்ய யோசிக்கிறீர்கள், அக்கா?” என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாக இருந்து கேளுங்கள்.