பங்குனியில் மும்பை, வைகாசியில் பாலைவனம்: மேற்கு இந்தியாவில் கோடை மூன்று விதம்

ஆண்டுதோறும் பிப்ரவரிக் கடைசியில் இந்திய வானிலை இலாகா ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நாட்டின் எந்தப் பகுதியில் வெயில் கூடும், எங்கே குறையும் என்ற கணிப்பு அது. "இயல்பைவிட அதிக வெப்பம்" என்று மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்துவிடும். அதைப் படித்துவிட்டு அந்தேரியில் கட்டட வேலை செய்பவரும், ஆமதாபாத்தில் மில் கணக்கு எழுதுபவரும், ஜோத்பூரில் ராணுவக் காண்டிராக்டில் இருப்பவரும் ஒரே மாதிரி அர்த்தம் செய்துகொண்டால் தவறாகிவிடும்.

காரணம், இந்த மேற்குப் பகுதி ஒரே நிலமல்ல. கொங்கணக் கடற்கரை ஒன்று. அதை ஒட்டி எழும் சஹ்யாத்ரி மலைத்தொடர் ஒன்று. வடக்கே கட்ச் முதல் ஜெய்சல்மேர் வரை விரியும் வறண்ட பூமி ஒன்று. மூன்றுக்கும் கோடை வேறு வேறு நாளில், வேறு வேறு வேஷத்தில் வருகிறது.

முதலில் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. "இயல்பு" என்று இலாகா சொல்வது 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரி. கணிப்பு என்பது இத்தனை சதவீத வாய்ப்பு என்ற கணக்கு. எந்தத் தேதியில் எந்த ஊர் கொதிக்கும் என்று அதில் தேடிப் பயனில்லை. தேதி தெரிய வேண்டுமானால், தினசரி வெளியாகும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

கடற்கரையின் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு உச்ச வெயில் என்றால் அக்னி நட்சத்திரம்தான் நினைவுக்கு வரும். சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவில் முடிகிற கத்தரி வெயில். மும்பையில் இந்தக் கணக்கு எடுபடாது. சாந்தாகுரூஸ் நிலையத்தில் 42.2 டிகிரி பதிவானது 1952 ஏப்ரல் 14-ம் தேதி. 1956 மார்ச் 28-ல் 41.7 டிகிரி. 2011 மார்ச் 17-ல் 41.6. 2018 மார்ச் 25-ல் 41. பங்குனியிலேயே நகரம் பொசுங்கிவிடுகிறது!

இதன் சூத்திரதாரி கடல் காற்று. மார்ச் மாதத்தில் தரையிலிருந்து கடலை நோக்கி வறண்ட கீழ்க்காற்று இன்னும் வலுவாக வீசிக்கொண்டிருக்கும். மதியத்துக்கு முன்பே கடல் காற்று உள்ளே நுழைந்துவிட்டால் வெப்பம் 33, 34 டிகிரியோடு நிற்கும். கீழ்க்காற்று அதை வாசலிலேயே தடுத்து நிறுத்தினால் இரண்டு மணி நேரத் தாமதத்தில் ஐந்தாறு டிகிரி ஏறிவிடும். மே மாதத்தில் மேல்காற்று நிலைத்து விடுவதால் பாதரசம் அவ்வளவு ஏறுவதில்லை. பதிலாக ஈரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சென்னையிலும் இதே நாடகம்தான், திசை மட்டும் மாறியிருக்கும். அங்கே வறண்ட காற்று மேற்கிலிருந்து வந்து கிழக்குக் கடலின் காற்றைத் தடுக்கிறது. அது வலுப்பது மே, ஜூன் மாதங்களில். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ம் தேதி என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

வெப்ப அலை என்று அறிவிக்க இலாகா ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, மலையில் 30, கடற்கரையில் 37 எட்ட வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஒரு வானிலை உட்பிரிவில் இரண்டு நிலையங்களாவது இரண்டு நாள் தொடர்ந்து இப்படிக் காட்டினால், இரண்டாம் நாள் அறிவிப்பு வரும். மும்பையும் கோவாவும் ஒரே உட்பிரிவில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளவுகோல் தேவைதான். ஆனால் மனித உடம்பு அதைப் படித்துவிட்டு வேர்ப்பதில்லை. 2023 ஏப்ரல் 16-ம் தேதி நவி மும்பை கார்கரில் அரசு விருது விழா ஒன்று திறந்தவெளியில் நடந்தது. லட்சக்கணக்கானோர் நிழலின்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அந்த வட்டாரத்தில் வெப்பம் சுமார் 38 டிகிரிதான். ராஜஸ்தான்காரர் அதை வெயில் என்றே சொல்லமாட்டார். பதினான்கு பேர் உயிரிழந்தார்கள். காற்றில் ஈரம் இருந்தால் வேர்வை உலராது; வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. கடற்கரையில் 38 என்பது பாலைவனத்து 38 அல்ல.

இரவும் இதில் சேர்த்தி. மே மாதத்தில் மும்பையின் குறைந்தபட்ச வெப்பமே சராசரியாக 27 டிகிரி அளவில் இருக்கிறது. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ தகரக் கூரையின் கீழ் மாடி அறையில் ஐந்தாறு பேராகப் படுப்பவருக்குப் பகலில் வாங்கிய சூடு விடியும்வரை இறங்குவதில்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. கூலிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

மலை தருவதும் கெடுப்பதும்

சஹ்யாத்ரி இரண்டு காற்றுகளுக்கு இடையே நிற்கும் மதில். மேற்கிலிருந்து ஈரக்காற்றும், கிழக்கிலிருந்து வறண்ட காற்றும் மோதும்போது ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் புனே, சாத்தாரா, கோலாப்பூர் பக்கம் இடியோடு மழை கொட்டும். மராட்டியர்கள் அதை "வளீவ்" என்பார்கள். நம் ஊர்க் கோடை மழைக்குத் தம்பி. அரை மணியில் ஊர் குளிர்ந்துவிடும்.

ஆனால் எல்லா மழையும் நல்லதற்கில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், பாகிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறுகள் வங்கக் கடலின் ஈரத்தோடு கைகோத்தால் ஆலங்கட்டி விழும். 2014 பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் மராட்டியத்தில் அப்படித்தான் ஆயிற்று. திராட்சை, கோதுமை, வெங்காயம் எல்லாம் வயலிலேயே நாசமாயின. விவசாயிக்கு விழுந்த அடி சில நாளில் மாதுங்கா மார்க்கெட்டில் வெங்காய விலையாகத் தெரியும்.

மும்பை நகரத்துக்கே இந்த இடிமழை எமனாக வந்ததும் உண்டு. 2024 மே 13-ம் தேதி மாலை புழுதிக் காற்று சுழன்றடித்தபோது காட்கோபரில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க்கின் மேல் சாய்ந்தது. 17 பேர் மாண்டனர். காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பலகை அனுமதித்த அளவைவிட எவ்வளவோ பெரிது.

குடிநீரும் மலையின் தயவுதான். பாத்ஸா, தான்சா, வைதர்ணா என மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளில் தென்மேற்குப் பருவமழைதான் வரவு. கோடை முழுவதும் செலவு. வெயில் கூடினால் ஆவியாகப் போகும் செலவு வேறு. 2024-ல் மே 30-ம் தேதியிலிருந்து 5 சதவீதமும், ஜூன் 5-லிருந்து 10 சதவீதமும் மாநகராட்சி நீரைக் குறைத்தது. சதவீதம் சின்னதாகத் தெரியும். சாலில் அரை மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும் வரிசையில் கடைசியாக நிற்பவரிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்.

பாலைவனம்

வடக்கே கோடை சாவகாசமாக வருகிறது. மார்ச்சில் மேற்கு ராஜஸ்தானில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். வேலைக்கு நல்ல காலம். ஏப்ரல் நடுவில் "லூ" என்னும் அனல்காற்று கிளம்பும். 2016 மே 19-ம் தேதி பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. இந்தியாவின் சரித்திரத்தில் அதுதான் உச்சம். ஆரவல்லியின் மேல் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மவுண்ட் அபு மட்டும் இந்தக் கொதிப்பில் கொஞ்சம் ஆறுதல். அதுவும் பணம் இருப்பவர்க்கே.

இந்த விஷயத்தில் பாடம் கற்றுக்கொண்ட நகரம் ஆமதாபாத். 2010 மே மாதத்தில் அங்கே 46.8 டிகிரி அடித்தபோது, வழக்கமான சாவுகளுக்கு மேல் 1,344 பேர் அந்த ஒரே மாதத்தில் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் நடந்த ஆய்வு கணக்கிட்டது. 2013-ல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். முன்கூட்டியே எச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல், ஆஸ்பத்திரியில் தனி ஏற்பாடு என்று அதில் பல உண்டு. மணிநகர்த் தமிழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மற்ற ஊர்களும் பிறகு பின்பற்றின. ஆனால் நாள்கூலிக்காரர் மதிய வேலையை நிறுத்தினால் அந்த நேரத்துக் கூலியை யார் தருவது என்பதில் திட்டங்கள் வாய் திறப்பதில்லை.

பள்ளி விடுமுறைக்கு ஊர் போகும் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். மும்பையிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் பல சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் வழியாகவே போகின்றன. தக்காணத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகக் காயும் பட்டை அது. ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் குழந்தைகளோடு போகிறவர்கள் மும்பையின் வெப்பத்தைப் பார்த்துப் புறப்படாமல் சோலாப்பூரின் எச்சரிக்கையைப் பார்ப்பது உத்தமம்.

திரும்பி வருவது மே கடைசியில் என்றால் அரபிக்கடலையும் கவனிக்க வேண்டும். 2020 ஜூன் 3-ல் நிசர்கா அலிபாக் அருகே கரை கடந்தது. 2021 மே 17-ல் டவ்-தே சௌராஷ்டிரத்தைத் தாக்கியது. பருவமழை மும்பைக்கு வர வேண்டிய தேதி ஜூன் 11. 2025-ல் அது மே 26-ம் தேதியே வந்து, தண்டவாளம் எல்லாம் தண்ணீரில் மூழ்கியது.