புடைத்த கெப்பாசிட்டரும் நம் பொறுப்பும்

கணினி இயங்கவில்லை என்றால் கடையில் கேட்கும் முதல் வார்த்தை "மதர்போர்டு போய்விட்டது" என்பதே. அடுத்து நாம் செய்வது தவணையில் புதியதொன்று வாங்குவது. அந்தத் தவணையில் வட்டி கலந்திருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பழைய போர்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. இதை முதலில் விசாரித்திருந்தால் வட்டியைப் பற்றிய கேள்வியே எழாமல் போயிருக்கக்கூடிய வீடுகள் பல.

மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். செயலியைச் சுற்றி விரல்நுனி அளவில் சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். அவையே கெப்பாசிட்டர்கள், தமிழில் மின்தேக்கிகள். செயலிக்குச் செல்லும் மின்சாரத்தை ஏற்றத்தாழ்வின்றிச் சீராக்குவது அவற்றின் பணி. உள்ளே அலுமினியத் தாளும் ஒருவகை இரசாயனத் திரவமும் இருக்கும். தலைப்பகுதியில் பெருக்கல் குறி போன்ற கீறல் ஒன்று தெரியும். உள்ளே வாயு பெருகினால் உருளை வெடித்துச் சிதறாமல் அவ்வழியே பிளந்து விடுவதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. தலை தட்டையாக இல்லாமல் புடைத்திருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு படிந்திருந்தாலோ அந்தக் கெப்பாசிட்டர் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று பொருள். கணினி தானாகவே அணைந்து எழுவதும், நான்கைந்து முறை முயன்ற பின்னரே உயிர்பெறுவதும் பெரும்பாலும் இதன் அறிகுறிகளே.

2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தயாரான போர்டுகளில் இக்கோளாறு ஒரு தொற்றுநோயைப் போலவே பரவியது. தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களின் திரவத்தில் நீரின் பங்கு மிகுந்திருந்தது. அலுமினியம் அரிக்கப்படாமல் காக்கும் சேர்மானங்கள் போதிய அளவில் இல்லை. நீரும் அலுமினியமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உருவாகி, உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புடைத்தன. டெல் நிறுவனத்தின் கணினிகளிலோ பழுதானவை ஜப்பானிய நிறுவனமொன்றின் கெப்பாசிட்டர்கள். 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் விற்றவற்றுள் பழுதாகும் அபாயமுள்ளவை 1 கோடியே 18 லட்சம் என்று, நீதிமன்ற ஆவணங்கள் வெளியான 2010-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பழுதைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகப் பேசாமல் இருக்க ஊழியர்கள் முயன்றதையும் அச்செய்தி விவரித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை முறையிட்டபோது, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கணினிகளை வருத்திவிட்டீர்கள் என்ற வகையில் பதில் கிடைத்ததாம். கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரத்திற்குக் கணக்கே குற்றமாயிற்று!

இதைப் படிக்கும் எந்த முஸ்லிமுக்கும் மதீனத்துச் சந்தை நினைவுக்கு வரும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். நனைந்தது வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

அது விற்பவருக்கான பாடம். பொருளைப் பாராமலே எறியும் நமக்கு வேறொரு பாடம் இருக்கிறது. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் ஆடையைத் தாமே தைப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். கெப்பாசிட்டர் மாற்றுவது செருப்புத் தைப்பதைவிடச் சற்றுக் கடினம். ஆனால் பொறுமையுள்ள எவருக்கும் எட்டாத கலையன்று.

பழையதன் மீது அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறையலாகாது. 105 டிகிரி வெப்பம் தாங்கும், 'லோ ஈ.எஸ்.ஆர்' எனப்படும் குறைந்த உள்தடை வகையையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வகையைப் பொருத்தினால் சில மாதங்களில் மீண்டும் அதே கதைதான். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் ஒன்று சில ரூபாய்களுக்கே கிடைத்துவிடும். போலிகளும் உலவுவதால் விலையைவிட விற்பவரின் நாணயத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளையின் பக்கத்தில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். போர்டில் உள்ள குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதுண்டு. ஆகவே பழையது நின்ற திசையையே நம்புங்கள். திசை மாறிப் பொருத்தினால் அது வெடிக்கக்கூடும். மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது, வெப்பத்தை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். வானொலிப் பெட்டிக்குப் போதுமான 25 வாட் சால்டரிங் அயர்ன் இங்கே திணறும். 50 அல்லது 60 வாட் வேண்டும். பழைய ஈயத்தின் மேல் சிறிது புதிய ஈயத்தை உருக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் துளையின் உலோக வளையம் கிழிந்துவிடும்; அதன் பிறகு கடைக்காரர் சொன்னதே உண்மையாகிவிடும். முதன்முறை செய்பவர் காயலாங்கடையில் கிடைக்கும் ஏதேனும் ஓர் உயிரற்ற போர்டில் பழகிக்கொள்ளட்டும். ஈயப்புகை தங்காதபடி சன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவில் வைக்கலாகாது.

மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பிறகும் தேங்கி நிற்கக்கூடும். சிக்கனத்தின் பெயரால் உயிரைப் பணயம் வைக்க மார்க்கம் அனுமதிக்கவில்லை.

பழையதெல்லாம் காக்கப்பட வேண்டியவை என்று நான் வாதிடவில்லை. பென்டியம் 4 காலத்துக் கணினி மின்சாரத்தை அதிகம் விழுங்கும், இன்றைய இணையத்திற்கும் ஈடுகொடுக்காது. தட்டச்சுப் பழகவும், கடையின் பழைய கணக்கு மென்பொருளை ஓட்டவும் போதுமென்றால் வைத்துக்கொள்ளலாம். பயனே இல்லையென்றால் உரிய மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதில் குற்றமில்லை. நான் குறை சொல்வது பார்க்காமலே எறிவதைத்தான். வீண்விரயம் செய்வோரைக் குர்ஆன் யாருடைய சகோதரர்கள் என்று கூறுகிறது என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தப் பிள்ளைகளை, மகனோடு மகளையும் சேர்த்து, அருகில் அமர்த்திக்கொண்டு செய்யத்தக்க வேலை இது.

செப்பனிட்ட கணினியை விற்க நேர்ந்தாலோ, மதரஸா மாணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாலோ, எத்தனை கெப்பாசிட்டர்கள் எப்போது மாற்றப்பட்டன, எவை மாற்றப்படாமல் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி, வாங்குபவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம், குறைந்துவிட்டுப் போகட்டும்.