காதில் விழுந்தால் போதுமா?

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ்; வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கு எழுத்தே தெரியாதவர்கள் அவர்களில் பலர். ஆனாலும் பேச்சு தடுமாறாது. தலைமுறை தலைமுறையாக அந்த மொழி காது வழியாகவே வந்திருக்கிறது.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவையின் கதை வேறு. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஒலிப்பது அதுதான். 30 பாசுரங்களையும் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகச் சொல்லும் தெலுங்கு பக்தர்கள் உண்டு. ஆனால், அவர்களில் பலருக்குத் தமிழில் பேச வராது.

இரண்டுமே கேள்வி ஞானம்தான். வித்தியாசம் எங்கே? வீட்டுப் பிள்ளையிடம் அம்மா, “சாப்பிட்டியா?” என்று தெலுங்கில் கேட்டால், அது பதில் சொல்லியாக வேண்டும்.

செல்போனில் ஆடியோ கேட்டு மொழி படிப்பவர்களுக்கும் இதுதான் சூட்சுமம். மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். இரண்டு நிமிட உரையாடல் போதும். முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கேள்வி வந்ததும் நிறுத்தி, வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பிறகு ஒலிப்பதிவில் வரும் பதிலோடு ஒப்பிடுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதை மட்டும் நம்பாதீர்கள். தெலுங்கில் பாட்டையும் பாதையையும் குறிக்கும் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ‘பால்’ என்பதன் ப. மற்றதில் ‘பஸ்’ என்பதன் ப. அதைப் பிரித்துக் காட்டக் காதால்தான் முடியும்!